பட்டியலில் 10 முந்தும், 2 பிந்தும்: கடைக் கம்ப்யூட்டரின் வரிசைக் கணக்கு

9 பெரிதா, 13 பெரிதா என்று கேட்டால் கல்லாவில் உட்காரும் சிறு பையன்கூடப் பதில் சொல்லிவிடுவான். ஆனால் ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து நாம் வாங்கி வைத்திருக்கும் கம்ப்யூட்டர், சில நேரங்களில் 13-ஐ முன்னால் வைத்துவிட்டு 9-ஐப் பின்னால் தள்ளுகிறது. இது பழுதும் இல்லை, வைரஸும் இல்லை. அதற்குச் சொல்லிக் கொடுத்த முறையே அப்படி. அந்த முறை என்ன, அதனால் நம் கடைக்கு எங்கே நஷ்டம், எப்படிச் சரி செய்வது என்பதை இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

நம் டெல்டாவுக்கு நன்கு தெரிந்த நெல் ரகங்களிலிருந்தே தொடங்குவோம். மயிலாடுதுறைக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் 1922-இல் தொடங்கப்பட்டது. அங்கிருந்து வந்த ரகங்களுக்கு ஆடுதுறை 36, ஆடுதுறை 37, ஆடுதுறை 43, ஆடுதுறை 45 என்று பெயர். விவசாயிகள் ஏ.டி.டி. என்பார்கள். கோயம்புத்தூரில் பிறந்தது கோ 51. திருவள்ளூர்ப் பக்கம் திரூர்குப்பத்தில் பிறந்தவை டி.கே.எம். 9, டி.கே.எம். 13. அம்பாசமுத்திரத்தில் பிறந்தது ஏ.எஸ்.டி. 16. பிலிப்பைன்ஸ் நாட்டுச் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்தவை ஐ.ஆர். 8, ஐ.ஆர். 20, ஐ.ஆர். 50, ஐ.ஆர். 64. பெயரின் முன்பகுதி பிறந்த இடத்தைச் சொல்கிறது, பின்பகுதி எண்ணைச் சொல்கிறது. ஆடுதுறை ரகங்களில் எண் ஏற ஏற ரகம் புதியது: ஆடுதுறை 36 வெளிவந்தது 1980-இல், 43 வந்தது 1998-இல், 45 வந்தது 2001-இல்.

இந்தப் பெயர்களை எக்செல் தாளில் ஒரே பத்தியில் அடித்து, ஏறுவரிசைக்கான பொத்தானை அழுத்திப் பாருங்கள். ஆடுதுறை ரகங்கள் ஒழுங்காகவே நிற்கும். ஆனால் ஐ.ஆர். குடும்பத்தில் 20, 50, 64 என்று வந்து, எல்லாவற்றுக்கும் கடைசியில் 8 நிற்கும். 1966-இல் வந்து நம் பக்கத்தில் பேர் வாங்கிய அந்தப் பழைய ஐ.ஆர். 8 வரிசையின் வாலில்! டி.கே.எம்.-இலும் 13 முதலில், 9 பிறகு. ஆடுதுறை ரகங்கள் தப்பியதற்கு ஒரே காரணம், நாம் எழுதிய நான்கு எண்களும் இரண்டு இலக்கம் என்பதுதான். என்றைக்காவது ஆடுதுறை 100 என்று ஒரு ரகம் வெளிவருமானால், அது 36-க்கும் முன்னால் போய் உட்கார்ந்துகொள்ளும்.

அகராதி முறை

இதன் காரணம் புரிய ஓர் அகராதியைப் புரட்டினால் போதும். தமிழில் வீரமாமுனிவர் 1732-இல் சதுரகராதியைத் தொகுத்தார். அகராதியில் அரிசி, அரிசிமாவு, அவல் என்ற மூன்று சொற்களும் எந்த வரிசையில் வரும்? அரிசி முதலில், அரிசிமாவு அடுத்து, அவல் பிறகு. அவல் சின்னச் சொல், அரிசிமாவு பெரிய சொல். ஆனாலும் அரிசிமாவுதான் முந்தும். ஏனென்றால் அகராதி சொல்லின் நீளத்தைப் பார்ப்பதே இல்லை. முதல் எழுத்தை முதல் எழுத்தோடு வைத்துப் பார்க்கும். சமமாக இருந்தால் இரண்டாம் எழுத்து. அரிசிமாவில் ரகரம், அவலில் வகரம். ரகரம் முந்தியது, தீர்ப்பு முடிந்தது. மீதி எழுத்துகளை அது திரும்பியும் பார்க்காது.

கம்ப்யூட்டரும் பெயர்களை இதே போலத்தான் பார்க்கிறது. அதற்கு டி.கே.எம். 13 என்பது ஒரு பெயர். அதில் உள்ள 1, 3 இரண்டும் அதற்கு எண்கள் அல்ல, எழுத்துகள். 13-இன் முதல் எழுத்து 1, 9-இன் முதல் எழுத்து 9. ஒன்று முந்தியது, ஆகவே 13 முந்தியது. அரிசிமாவுக்குச் சொன்ன அதே தீர்ப்பு.

எழுத்துகளுக்கு எது முன், எது பின் என்பதைக் கம்ப்யூட்டர் எப்படி அறிகிறது? ஒவ்வொரு எழுத்துக்கும் உள்ளே ஒரு குறி எண் உண்டு. 1963-இல் அமெரிக்காவில் வகுத்த ஆஸ்கி என்ற அட்டவணையில் 0 என்ற எழுத்தின் குறி எண் 48, 9-இன் குறி எண் 57. ஆங்கிலப் பெரிய எழுத்துகள் 65-இல் தொடங்குகின்றன, சின்ன எழுத்துகள் 97-இல். வெற்றிடத்துக்கும் ஓர் எண் உண்டு, 32. இந்தக் கடைசி விஷயத்தைக் கடைக்காரர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு பையன் இடம் விட்டு ‘கோ 51’ என்று அடிக்கிறான், இன்னொருவன் இடம் விடாமல் ‘கோ51’ என்று அடிக்கிறான். நமக்கு இரண்டும் ஒரே சரக்கு. கம்ப்யூட்டருக்கு இரண்டு சரக்கு, இரண்டு இருப்பு. வருஷக் கடைசியில் இருப்பு எடுக்கும்போது ஒன்றில் குறையும், ஒன்றில் கூடும்.

தமிழில் பெயர் அடிப்பவர்களுக்கு இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. உலகெங்கும் இப்போது வழங்கும் யூனிகோடு அட்டவணையில் னகரத்தை நகரத்துக்கு அடுத்து வைத்துவிட்டார்கள். நம் நெடுங்கணக்கிலோ அது கடைசி எழுத்து. ஆகவே குறி எண்ணை மட்டும் பார்த்து வரிசைப்படுத்தும் சாஃப்ட்வேரில் பனங்கற்கண்டு முதலில் வந்து பயறு பின்னால் வரும். தமிழ் வரிசை தெரிந்த சாஃப்ட்வேரில் பயறுதான் முன்னால். இது தனிப் பாடம், இங்கே இதோடு விடுவோம்.

எங்கே கை சுடும்?

நெல் ரகம் முன்னும் பின்னும் வந்தால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கலாம். தேடிப் பிடிக்கக் கொஞ்சம் நேரமாகும், அவ்வளவுதான். ஆனால் பில் எண்ணில் அப்படி இல்லை.

ஜி.எஸ்.டி. 2017 ஜூலை 1-இல் வந்தது முதல் பில் எண் பற்றிய விதி தெளிவாக இருக்கிறது. விதி 46-இன்படி பில்லுக்குத் தொடர் எண் இருக்க வேண்டும். அது 16 எழுத்துக்கு மிகக் கூடாது. எழுத்தும் இலக்கமும் சிறு கோடும் சாய்கோடும் வரலாம். ஒரே நிதியாண்டில் ஒரு எண் இரண்டு முறை வரக் கூடாது. மாதக் கணக்கான ஜி.எஸ்.டி.ஆர்.-1-இல் 13-ஆம் அட்டவணை என்று ஒன்று உண்டு. அந்தக் காலத்தில் போட்ட பில்லின் தொடக்க எண் எது, இறுதி எண் எது, மொத்தம் எத்தனை, ரத்தானவை எத்தனை என்று அதில் எழுத வேண்டும். முன்பு பலர் அதைக் காலியாக விட்டு வந்தார்கள். 2025 மே மாதக் கணக்கு முதல் அதை நிரப்புவது கட்டாயமாகிவிட்டது.

இப்போது யோசியுங்கள். பில் எண் வெறும் எண்ணாக, எண்ணுக்குரிய பத்தியில் இருந்தால் எக்செல் அதைச் சரியாகவே வரிசைப்படுத்தும். ஆனால் நாம் யாரும் வெறும் எண் போடுவதில்லை. கடைப் பெயரின் முதல் எழுத்து, கிளையின் எழுத்து, கடன் பில்லுக்கு ஒரு எழுத்து என்று ஏதாவது சேர்க்கிறோம். எழுத்து ஒன்று சேர்ந்த மறுகணமே அது எண் அல்ல, பெயர். ஏப்ரல் 1-ஆம் தேதி 1-இல் தொடங்குகிறோம். 9 வரை எல்லாம் சரி. 10-ஆம் பில் போட்டவுடன் பட்டியல் 1, 10, 2, 3 என்று ஆகிவிடும். 100-ஐத் தாண்டினால் 1, 10, 100, 101. ஆயிரத்தைத் தாண்டிய பிறகு பட்டியலின் கடைசி வரியில் 999 நிற்கும். மூவாயிரம் பில் போட்டிருந்தாலும் 999-தான் நிற்கும்.

நமக்குத் தெரிந்த ஒரு மளிகைக் கடையில் நடந்ததைச் சொல்கிறோம். கடன் பில்களை எக்செல் தாளில் எஸ்-1, எஸ்-2 என்று எழுதி வந்தார்கள். கணக்குப்பிள்ளை நல்ல அனுபவசாலி. ஒரு நாள் ஏதோ ஒரு பில்லைத் தேடுவதற்காக யாரோ வரிசைப் பொத்தானை அழுத்தி, அப்படியே சேமித்தும் வைத்துவிட்டார்கள். கணக்குப்பிள்ளை காய்ச்சலில் படுத்த வாரத்தில் புதுப் பையன் உட்கார்ந்தான். தாளின் கடைசி வரியில் எஸ்-999 இருந்தது. அடுத்த பில்லுக்கு எஸ்-1000 என்று போட்டான். உண்மையில் அப்போது எஸ்-1140 வரை பில் போய்விட்டிருந்தது. மூன்று நாளில் எஸ்-1046 வரை 47 பில்கள் இரட்டையாகிவிட்டன. காரைக்காலில் ஹோட்டல் நடத்தும் வாடிக்கையாளர் ஒருவரின் ஆடிட்டர், ஒரே எண்ணில் வேறு வேறு தொகைக்கு இரண்டு பில் இருக்கிறதே என்று போன் செய்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அந்த மாதக் கணக்கைத் தாக்கல் செய்யாமல் இருந்ததால் தப்பித்தார்கள். 47 பேரிடமும் ஆள் அனுப்பிப் பழைய பில்லை வாங்கிப் புது எண் போட்டுக் கொடுத்தார்கள். அவர்களில் இரண்டு பேர் பில்லையே தொலைத்திருந்தார்கள். பையனைத் திட்டித் தீர்த்தார்கள். நம் அபிப்பிராயத்தில் அவன் மேல் குற்றம் இல்லை. கடைசி வரியைப் பார்த்து அடுத்த எண் போடுவது பில் புத்தகக் காலத்துப் பழக்கம். காகிதத்தில் கடைசி என்றால் கடைசிதான். கம்ப்யூட்டரில் அப்படி அல்ல.

குடோனிலும் இதே கதைதான். முதலில் வந்த சரக்கு முதலில் போக வேண்டும் என்பது பருப்பு வியாபாரத்தில் பால பாடம். லாட் எண் போட்டு அடுக்குகிறோம். கம்ப்யூட்டர் தரும் சீட்டில் லாட் 1-க்கு அடுத்து 10, 11, 12 என்று 19 வரை வந்து, பிறகுதான் 2 வரும். சீட்டைப் பார்த்து மூட்டை எடுக்கும் ஆளுக்கு இது எப்படித் தெரியும்? லாட் 2 துவரம் பருப்பு மூலையில் வண்டு பிடிக்கும்.

வீட்டுக்கு வீடு சரக்கு அனுப்பும் கடைகளில் இன்னொரு வேடிக்கை. மகாதானத் தெருவில் 2, 11, 21, 100 ஆகிய கதவு எண்களுக்குச் சாமான் போக வேண்டும் என்றால், அச்சான சீட்டில் 100, 11, 2, 21 என்று இருக்கும். தெரு தெரிந்த பையன் சிரித்துக்கொண்டே தானாகச் சரி செய்துகொள்வான். புதியவன் தெருவை இரண்டு முறை நடப்பான்.

முதல் வழி: பூஜ்யம் நிரப்புதல்

பழைய வழி, எளிய வழி இது. எல்லா எண்ணையும் ஒரே நீளமாக்கிவிடுவது. 9 என்பதற்கு 00009, 13 என்பதற்கு 00013. இப்போது எழுத்து எழுத்தாகப் பார்த்தாலும் 9-தான் முந்தும். அரசாங்கமே இதைத்தான் செய்கிறது. 1972-இல் வந்த பின்கோடு எங்கும் ஆறு இலக்கம். மயிலாடுதுறைக்கு 609001. அது எந்தப் பட்டியலிலும் வரிசை பிசகாது. நம் ஜி.எஸ்.டி. எண்ணின் முதல் இரண்டு இலக்கம் மாநிலக் குறி. தமிழ்நாட்டுக்கு 33, பக்கத்துக் காரைக்கால் புதுச்சேரியைச் சேர்ந்ததால் 34. டெல்லிக்கு 7 என்று போடாமல் 07 என்று போட்டிருப்பதும் இதற்காகத்தான்.

டேலி வைத்திருப்பவர்களுக்கு இது சில நிமிட வேலை. வவுச்சர் வகையைத் திருத்தும் இடத்தில் ‘விட்த் ஆஃப் நியூமெரிக்கல் பார்ட்’ என்று கேட்கும். அங்கே 5 என்று கொடுங்கள். ‘ப்ரீஃபில் வித் ஜீரோ’ என்று கேட்பதற்கு ஆம் என்று சொல்லுங்கள். 5 போதுமா என்பதை அவரவர் கடைக் கணக்கைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். நாளைக்கு 60 பில், வருஷத்துக்கு 300 நாள் என்றால் 18,000 பில். ஐந்து இலக்கம் போதும். நாளைக்கு 400 பில் போடும் கடைக்கு அது 1,20,000 ஆகிறது, ஆறு இலக்கம் வேண்டும். நான்கு இலக்கம் வைத்துவிட்டு 9999 தாண்டிய பிறகு விழித்தால், பழைய நோய் திரும்பிவிடும். வருஷ நடுவில் அகலத்தை மாற்றுவதும் நல்லதல்ல. முதல் பாதி நான்கு இலக்கம், பின் பாதி ஐந்து இலக்கம் என்றால் பட்டியல் மறுபடி கலங்கும்.

ஓர் எச்சரிக்கை. ஆண்டு விற்பனை 5 கோடியைத் தாண்டியவர்களுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் இ-இன்வாய்ஸ் கட்டாயம். அந்த வலைத்தளம் 0-இல் தொடங்கும் பில் எண்ணை ஏற்பதில்லை. சாய்கோட்டிலும் சிறு கோட்டிலும் தொடங்கக் கூடாது. ஆகவே வெறும் 00001 செல்லாது. முன்னால் ஓர் ஆங்கில எழுத்தோ, ஆண்டோ இருக்க வேண்டும். எம், சாய்கோடு, 25-26, சாய்கோடு, 00001 என்று அமைத்தால் 13 எழுத்தில் முடிகிறது. 16-க்குள் அடக்கம். கிளைக்கு ஒன்று, கல்லாவுக்கு ஒன்று என்று தனித் தொடர் வைத்துக்கொள்ளவும் விதி இடம் தருகிறது. முன்னெழுத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

இரண்டாம் வழி: இயல்பு வரிசை

பில் எண் நாம் வைக்கும் பெயர். எப்படி வேண்டுமானாலும் அமைக்கலாம். ஆனால் சரக்கின் பெயர் நம் கையில் இல்லை. ஐ.ஆர். 8 என்பதை ஐ.ஆர். 008 என்று எழுதினால் வாங்க வருபவர் சிரிப்பார். இப்படிப்பட்ட இடங்களுக்காக நிரல் எழுதுபவர்கள் கண்டுபிடித்த முறைக்கு ‘நேச்சுரல் சார்ட்’ என்று பெயர். இயல்பு வரிசை என்று சொல்லலாம். மனிதன் இயல்பாக எப்படிப் பார்ப்பானோ அப்படி.

அதன் வேலை இப்படி. பெயரை இடமிருந்து வலமாகப் படித்து, எழுத்துகள் ஒரு துண்டு, அடுத்தடுத்து வரும் இலக்கங்கள் ஒரு துண்டு என்று நறுக்கிக்கொள்ளும். டி.கே.எம். 13 என்பது ‘டி.கே.எம்.’ என்ற எழுத்துத் துண்டாகவும் 13 என்ற எண் துண்டாகவும் பிரியும். டி.கே.எம். 9-உம் அப்படியே. முதல் துண்டை முதல் துண்டோடு வைத்துப் பார்க்கும். இரண்டும் எழுத்து, ஆகவே அகராதி முறை. இங்கே இரண்டும் சமம். அடுத்த துண்டு இரண்டும் எண். இங்கேதான் முறை மாறுகிறது. இலக்கம் இலக்கமாகப் பார்க்காமல் மொத்தமாகத் தராசில் வைக்கும். 9 சிறிது, 13 பெரிது. 9 முந்தியது. லாட் 2-பி-7, லாட் 2-பி-11 என்று எத்தனை துண்டு இருந்தாலும் இதே முறைதான், துண்டுக்குத் துண்டு. 07-ஐயும் 7-ஐயும் எதிரெதிரே வைத்தால் இரண்டும் சமம் என்று வரும். அப்போது எது முதலில் என்று நிரலில் தனியாக ஒரு விதி எழுதிவைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு நாள் ஒன்று முந்தும், இன்னொரு நாள் மற்றது முந்தும்.

இது புது விஷயம் அல்ல. 2001-இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி-யிலேயே கோப்புகளின் பெயரை இப்படி வரிசைப்படுத்தத் தொடங்கிவிட்டார்கள். அதற்கு முந்திய விண்டோஸில் 10-ஆம் போட்டோ 2-ஆம் போட்டோவுக்கு முன்னால் நிற்கும். பி.எச்.பி. என்ற நிரல் மொழியில் ‘நாட்சார்ட்’ என்ற பெயரிலேயே கட்டளை இருக்கிறது. பைத்தான் மொழிக்கும் அதே பெயரில் இலவசமாக ஒரு தொகுப்பு கிடைக்கிறது. ஆகவே நமக்கு பில்லிங் சாஃப்ட்வேர் எழுதித் தரும் தம்பி, “அது முடியாது சார், கம்ப்யூட்டர் அப்படித்தான் காட்டும்” என்று சொன்னால் நம்ப வேண்டாம். சிலர் முதலில் நீளத்தைப் பார்த்துக் குட்டையானதை முன்னால் வைத்து, பிறகு எழுத்தைப் பார்ப்பது என்று குறுக்கு வழியில் முடித்துவிடுவார்கள். முன்னெழுத்து மாறாத பில் எண்ணுக்கு அது சரியாக வரும். சரக்குப் பெயருக்கு வராது. நீளத்தைப் பார்த்தால் அவல் அரிசிமாவுக்கு முன்னால் ஓடிவிடும் அல்லவா?

சாஃப்ட்வேர் எழுதச் சொல்ல வசதி இல்லாத சிறு கடைக்காரர்கள் என்ன செய்வது? இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸில் கணக்குத் தாளை வரிசைப்படுத்தும் இடத்தில், விருப்பங்கள் பக்கத்தில் ‘எனேபிள் நேச்சுரல் சார்ட்’ என்ற கட்டம் இருக்கிறது. அதை ‘டிக்’ செய்தால் போதும். எக்செலில் அப்படி ஒரு கட்டம் இல்லை. அங்கே ரகப் பெயரை ஒரு பத்தியிலும் எண்ணை அடுத்த பத்தியிலுமாகப் பிரித்துவைத்து, முதலில் பெயர், அடுத்து எண் என்று இரண்டு படியாக வரிசைப்படுத்த வேண்டும். ‘டெக்ஸ்ட் டு காலம்ஸ்’ என்ற வசதி வெற்றிடத்தைக் கண்ட இடத்தில் வெட்டிப் பிரித்துத் தரும். ‘கோ51’ என்று ஒட்டி அடித்த பெயர் அதில் பிரியாது. இடம் விட்டு அடியுங்கள் என்று சொன்னதற்கு இது இரண்டாவது காரணம்.

இந்த இடத்தில் ஒரு சின்ன விளையாட்டு. பாட்டனார் காலத்துப் பேரேடுகளில் தமிழ் எண்களைப் பார்த்திருப்பீர்கள். அதில் பத்துக்கே தனிக் குறி உண்டு, ௰. பன்னிரண்டு என்றால் ௰௨. கம்ப்யூட்டர் அட்டவணையில் ௧ முதல் ௯ வரை வைத்து அடுத்ததாக ௰ வைத்திருக்கிறார்கள். ஆகவே தமிழ் எண்ணில் எழுதினால் வெறும் அகராதி முறையிலேயே 1 முதல் 19 வரை பிசகாமல் வரிசையாக நிற்கும். 20-இல் வந்து விழுந்துவிடும். அது ௨௰, இரண்டில் தொடங்குவதால் ௨-க்கும் ௩-க்கும் நடுவில் போய் ஒட்டிக்கொள்ளும். பாட்டனார் முறைக்கும் இருபதோடு சரி.

இயல்பு வரிசை உதவாத இடங்கள்

எல்லாவற்றுக்கும் இயல்பு வரிசையே மருந்து என்று நினைத்துவிடக் கூடாது. இதுதான் இந்தப் பாடத்தில் கவனமாகப் படிக்க வேண்டிய பகுதி.

மளிகைக் கடைக்காரர் தினமும் புழங்கும் எச்.எஸ்.என். கோடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். பருப்பு வகைக்கு 0713, மிளகுக்கும் மிளகாய்க்கும் 0904, இஞ்சி மஞ்சளுக்கு 0910, அரிசிக்கு 1006. இவற்றைப் பார்த்தால் எண் மாதிரி இருக்கிறது. ஆனால் இவை எண் அல்ல, இலக்கத்தால் எழுதிய பெயர். முழு மிளகு 090411, மிளகுத்தூள் 090412. இரண்டும் 0904 என்ற தாயின் பிள்ளைகள், அதன் அடியிலேயே வர வேண்டும். அகராதி முறையில் 0713, 0904, 090411, 090412, 0910, 1006 என்று அழகாக வரும். இயல்பு வரிசையில் போட்டால் 090411 தொண்ணூறாயிரத்துச் சொச்சம் ஆகிவிடும். மிளகு அரிசிக்கும் பின்னால் போய்விடும்! இங்கே அகராதி முறைதான் சரி, இயல்பு முறை தவறு. எக்செல் இன்னும் ஒரு படி மேலே போய், 0904 என்று அடித்தால் முன்னால் உள்ள பூஜ்யத்தை விழுங்கி 904 என்று வைத்துக்கொள்ளும். அடிப்பதற்கு முன்பே அந்தப் பத்தியை ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றிவிட வேண்டும். நம் சரக்குகளில் பல 07, 08, 09 என்று பூஜ்யத்தில் தொடங்கும் அத்தியாயங்களில் இருப்பதால், ஜவுளிக் கடைக்காரரைவிட நமக்குத்தான் இந்தத் தொல்லை அதிகம்.

புள்ளி வைத்த அளவுகளும் அப்படியே. குளிர்பானத்தில் 1.25 லிட்டர் பாட்டில் உண்டு, 1.5 லிட்டர் பாட்டில் உண்டு. புள்ளியில் வெட்டும் இயல்பு வரிசை 5-ஐயும் 25-ஐயும் தராசில் வைத்து 5 சிறிது என்று சொல்லிவிடும். ஒன்றரை லிட்டர் ஒன்றேகால் லிட்டருக்கு முன்னால் வந்துவிடும். வெறும் அகராதி முறையில் இது சரியாக வரும் என்பது வேடிக்கை.

கிராமும் கிலோவும் கலந்தால் எந்த முறையும் பலிக்காது. 1 கிலோ, 5 கிலோ, 200 கிராம், 500 கிராம் என்றுதான் வரும். கம்ப்யூட்டருக்குக் கிலோ என்றால் என்ன என்று தெரியாது. இதற்கு வழி, எடையைப் பெயரிலிருந்து பிரித்துத் தனிப் பத்தியில் கிராமாக எழுதிவைப்பதே: 200, 500, 1000, 5000. சில்லறைக் கடைகளில் பாக்கெட் சரக்கு பெருகிவிட்ட இந்த நாளில் இந்த ஒரு பத்தி பல தொல்லைகளை மிச்சப்படுத்தும். தேதியும் இதே இனம்தான். 01-04-2025 என்று நாளை முதலில் எழுதிய கோப்புகளை வரிசைப்படுத்தினால் எல்லா மாதத்து ஒன்றாம் தேதிகளும் ஒன்றாகக் கூடி நிற்கும். கோப்பின் பெயரில் தேதி எழுதும்போது ஆண்டு, மாதம், நாள் என்று எழுதினால் எந்த முறையிலும் பிசகாது.

கடைசியாக, சாஃப்ட்வேரைப் பரிசோதிக்கும் முறை. புதுசாக வாங்குபவர்களும் வருஷச் சந்தா புதுப்பிப்பவர்களும் பணம் கொடுப்பதற்கு முன் இந்த ஏழு பெயர்களையும் கலைத்து அடித்து, சரக்குப் பட்டியலை வரிசைப்படுத்திக் காட்டச் சொல்லுங்கள்: ஐ.ஆர். 64, ஐ.ஆர். 8, லாட் 10, லாட் 9, லாட் 100, டி.கே.எம். 13, டி.கே.எம். 9. ஐ.ஆர். 8 முதலிலும் 64 அடுத்தும், டி.கே.எம். 9 முதலிலும் 13 அடுத்தும், லாட் 9, 10, 100 என்றும் வந்தால் இயல்பு வரிசை இருக்கிறது. பிறகு எச்.எஸ்.என். பத்தியில் 1006, 090411, 0904 மூன்றையும் அடித்துப் பாருங்கள். 0904, 090411, 1006 என்று, பூஜ்யம் குறையாமல் வர வேண்டும். அடுத்த பில் எண்ணை சாஃப்ட்வேர் எங்கிருந்து எடுக்கிறது என்றும் கேளுங்கள். தனியாக ஓர் எண்ணி வைத்து அதில் ஒன்று கூட்டிப் போடுகிறது என்றால் சரி. பட்டியலின் கடைசி வரியைப் பார்த்துப் போடுகிறது என்றால் அதை மாற்றித் தரச் சொல்லிவிட்டு, மார்ச் 31-க்குள் முடித்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 1-ஆம் தேதி முதல் பில் கிழித்த பிறகு வருஷ நடுவில் தொடரை மாற்றுவது நல்லதல்ல.